பிள்ளைகளுக்கு நிரை பிரிக்க இவர்கள் யார்?

மூன்றாம் படிவத்துப் பிள்ளைகள் ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு தாளோடு வீட்டுக்கு வருகிறார்கள். நான்காம் படிவத்தில் எந்தப் பாடத்தொகுப்பில் சேர விருப்பம் என்று அதில் எழுதி, பெற்றோர் கையெழுத்துப் போட்டு, சில நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். தாள் மலாய் மொழியில் இருக்கிறது. விடியுமுன் வெட்டுக்குப் போன தகப்பனார் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அப்போதுதான் தலையைச் சாய்த்திருக்கிறார். "அப்பா, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்கிறான் பையன். "வாத்தியார் என்ன சொன்னாரோ அதையே போட்டுக்கோ" என்கிறார் தகப்பனார். கையெழுத்து விழுகிறது. காரியம் முடிந்தது.

சம்பள ஒப்பந்தத்தில் ஒரு காசு குறைந்தால் கிளைக்கூட்டம் கூட்டுகிறோம். நிரையை மாற்றிவிட்டால் மண்டோரிடம் சண்டைக்கு நிற்கிறோம். ஸ்டோரில் பாலின் கனத்தைக் குறைத்துப் போட்டுவிட்டார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டால் அன்று முழுதும் சோறு இறங்குவதில்லை. ஆனால் ஒரு பிள்ளை இனி வரும் நாற்பது ஆண்டுகளில் என்ன சம்பாதிக்கப் போகிறது என்பதில் பெரும் பங்கை முடிவு செய்கிற தாளில் மட்டும், வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறோம். இது ஏன் என்று நாம் கேட்கிறோம்.

படிப்பு விஷயம் பள்ளிக்கூடத்துக்கும் பெற்றோருக்கும் உள்ள விஷயமாயிற்றே, சங்கத்துக்கு அதில் என்ன வேலை என்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுக்கிறார்களே, அதே முறையில்தான் நம் பிள்ளைகளுக்குப் பாடமும் பிரிக்கப்படுகிறது. பால் நன்றாக ஓடும் நிரை யாருக்கு, மேட்டுக்காட்டு நிரை யாருக்கு என்பது பேர் கூப்பிடுமுன்பே முடிவாகிவிடுகிறது. வெட்டுக்காட்டில் இந்த ஓரவஞ்சனை நடந்தால் கேட்கிற சங்கம் இதையும் கேட்கத்தான் செய்யும்.

நமக்கு மற்றவர்கள் பாடம் பிரித்துக் கொடுப்பது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. பள்ளிக்கூடம் வந்தது. எப்படிப்பட்ட பள்ளிக்கூடம்? ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார். அந்த வாத்தியாரும் பல இடங்களில் கிராணி வேலையோ கங்காணி வேலையோ பார்த்துக்கொண்டே பாடம் சொல்லிக் கொடுத்தவர். எழுத்து, வாசிப்பு, கணக்கு, அவ்வளவுதான் பாடம். அதற்கு மேல் படித்துவிட்டால் அடுத்த தலைமுறையில் மங்கு தூக்க ஆள் கிடைக்காது என்பது துரைமாருக்குத் தெரியாதா? அதே காலத்தில் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகளில் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தார்கள். கிராணிமார் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அங்கே போனார்கள். வெட்டுக்காரன் பிள்ளை போகவில்லை. அவனுக்கு என்ன பாடம் போதும் என்பதை அவனுடைய தகப்பன் செய்த வேலையே தீர்மானித்தது.

சுதந்திரம் வந்தது, சட்டங்கள் மாறின, பரீட்சைகளின் பெயர்கள் மாறின. எல்.சி.இ. போய் எஸ்.ஆர்.பி. வந்தது, அது போய் பி.எம்.ஆர். வந்தது, அதுவும் போய் பி.டி.3 வந்தது. 2022-ல் பி.டி.3-உம் எடுக்கப்பட்டது. 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பாகுபாடு நீங்கி, பாடத்தொகுப்பு என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. காகிதத்தில் இது நல்ல மாறுதல்தான், இல்லை என்று சொல்லமாட்டோம். இயற்பியலும் கணக்கியலும் சேர்த்துப் படிக்க விரும்புகிற பிள்ளைக்கு முன்பு இடமே இருந்ததில்லை. ஆனால் நடைமுறை என்ன? எந்தத் தொகுப்புக்குப் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறாரோ, எதற்குப் போதுமான மாணவர் சேருகிறார்களோ, அதுதான் திறக்கும். திறந்த தொகுப்புகளில் யார் எதில் என்பதை வகுப்பு மதிப்பெண்ணும் ஆசிரியரின் அபிப்பிராயமும் முடிவு செய்யும். முதல் வகுப்பு, கடைசி வகுப்பு என்ற பழைய கோடு அப்படியே கிடக்கிறது. கோட்டின் எந்தப் பக்கம் நம் பிள்ளைகள் அதிகம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மலாய், ஆங்கிலம், வரலாறு, கணிதம், நன்னெறி அல்லது இஸ்லாமியக் கல்வி ஆகியவை எல்லோருக்கும் உண்டு. மலாய் மொழியில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது, 2013 முதல் வரலாற்றுக்கும் அதே விதி. இவற்றில் தேர்வு செய்ய எதுவும் இல்லை. விஷயமெல்லாம் மிச்சப் பாடங்களில் இருக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் நான்கும் சேர்ந்தது ஒரு தொகுப்பு. அவற்றில் இரண்டு அறிவியல் பாடங்களும் கூடுதல் கணிதமும் தொழில்நுட்பம் சார்ந்த வேறொரு பாடமும் சேர்ந்தது இன்னொன்று. பொது அறிவியலோடு கைத்தொழில் பாடம், கணக்கியல், வணிகம், பொருளாதாரம், புவியியல், இலக்கியம் என்று மற்றவை.

மருத்துவம் படிக்க வேண்டுமானால் எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் இவற்றில் நல்ல தேர்ச்சி இருக்க வேண்டும் என்பது மருத்துவ மன்றத்தின் விதி. மெட்ரிகுலேஷன் அறிவியல் பிரிவுக்குக் கூடுதல் கணிதமும் வேதியியலும் கேட்கிறார்கள். பொறியியலுக்குக் கணிதமும் இயற்பியலும் இல்லாமல் முடியாது. பிள்ளை பிறந்த அன்றே "இவளை டாக்டர் ஆக்கப் போகிறேன்" என்று சொன்ன தகப்பனார், பதினைந்து ஆண்டு கழித்து உயிரியலும் வேதியியலும் இல்லாத தொகுப்பில் தம் கையாலேயே கையெழுத்துப் போடுகிறார். போட்டதில் என்ன நடந்தது என்பது அவருக்கு எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகுதான் தெரிகிறது. அப்போது மகள் வாங்கிய ஏ-க்களைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். யாரைக் குற்றம் சொல்வது?

பாடங்களின் எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாத எல்லோருக்கும் சேர்த்தே நூற்றுக்குப் பத்து என்ற பங்கீடு நெடுங்காலமாக இருந்து வருவது நமக்குத் தெரியும். 2019-ல் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் அந்தப் பங்கீடு மாறவில்லை. 2024-ல், பத்து ஏ-யும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு இன வேறுபாடு பாராமல் இடம் உண்டு என்று அரசாங்கம் அறிவித்தது. நல்லது. ஆனால் ஒன்பது பாடம் மட்டும் எழுதச் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை ஒன்பதிலும் ஏ வாங்கினாலும் பத்து ஆகாதே! இந்தக் கணக்கை மூன்றாம் படிவத்திலேயே பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல ஆள் உண்டா?

"உங்கள் பையனால் கூடுதல் கணிதம் தாங்க முடியாது" என்று பள்ளியில் சொல்கிறார்கள். சில பிள்ளைகளைப் பொறுத்தவரை இது உண்மையாகவும் இருக்கலாம். ஆசிரியர்கள் எல்லோருமே நமக்கு விரோதிகள் என்று நாம் எழுதவில்லை. தோட்டத்துப் பிள்ளையைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பரீட்சை எழுத வைத்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நாம் கேட்பது வேறு. எந்த மதிப்பெண்ணைப் பார்த்து "முடியாது" என்கிறீர்கள்? அந்த மதிப்பெண் எதை அளந்தது?

நம் பிள்ளை ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான். ஒன்றாம் படிவத்துக்குப் போனதும் அத்தனை பாடமும் மலாயில். மலாய் போதாத பிள்ளைகள் முதலில் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்கார வேண்டியிருக்கிறது. இடையில் 2003-ல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. அதைக் கைவிடுவதென்று 2009-ல் முடிவு செய்து 2012 முதல் திரும்ப மாற்றினார்கள். 2016-லிருந்து இருமொழித் திட்டம் என்று சில பள்ளிகளில் மறுபடியும் ஆங்கிலம். இப்படிப் பந்தாடப்பட்ட பிள்ளை இரண்டாம் படிவத்தில் கணக்கில் ஐம்பது வாங்குகிறான் என்றால், அவனுக்குக் கணக்கு வரவில்லையா, கணக்கைக் கேட்ட பாஷை வரவில்லையா? ரயில் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்ற கேள்வியைத் தமிழில் கேட்டால் மனத்திலேயே போட்டுச் சொல்லக்கூடியவன், கேள்வியின் இரண்டாவது வரியிலேயே தடுக்கி விழுந்திருக்கிறான். அந்த விழுந்த மதிப்பெண்ணைக் காட்டித்தான் அறிவியல் உனக்கு வேண்டாம் என்கிறார்கள். பாஷை இரண்டு ஆண்டில் வந்துவிடும். போன பாடம் வராது.

இன்னொரு சங்கதி. கூடுதல் கணிதத்தை எடுத்துவிட்டு, தாங்க முடியாமல் போனால் பள்ளியில் பேசி விட்டுவிட வழியுண்டு. எடுக்காதவன் நான்காம் படிவம் பாதி போன பிறகு உள்ளே நுழைவது மிகக் கஷ்டம். ஆகவே சந்தேகம் உள்ள இடத்தில் பிள்ளையை ஏற்றிவிடு என்பதே நம்முடைய அபிப்பிராயம். டியூசனுக்குக் காசு எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனதே 2025-ல்தான். அந்தக் காசில் அரிசியும் வாடகையும் போக டியூசனுக்கு என்ன மிஞ்சும்? இதனால்தான் தனித்தனியே செய்ய முடியாததைக் கூட்டாகச் செய்ய வேண்டும் என்கிறோம். அதற்குப் பிறகு வருகிறோம்.

அறிவியல் நமக்கு அந்நியமான சரக்கு என்ற எண்ணம் நம்மவர் மனத்திலேயே ஊறிப்போய்க் கிடக்கிறது. தோழர்களே, நாம் நாள்தோறும் செய்கிற வேலை என்ன? விடியற்காலையில் வெட்டினால் பால் நன்றாக ஓடுகிறது, வெயில் ஏறினால் நின்றுவிடுகிறது. வெயில் ஏற ஏற இலை வழியாக மரம் நீரை இழப்பதால் பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் தளர்ந்துவிடுகிறது, இது உயிரியல். மங்கில் பால் உறையாமலிருக்க அம்மோனியா விடுவதும், ஸ்டோரில் ஃபார்மிக் திராவகம் விட்டு உறைய வைப்பதும் வேதியியல். நூறு பங்கு பாலில் முப்பதோ முப்பத்தைந்தோதான் ரப்பர் என்று மெட்ரோலாக் விட்டுப் பார்த்துச் சம்பளம் போடுகிறார்களே, அந்த அடர்த்திக் கணக்கு இயற்பியல். பட்டையில் எத்தஃபோன் மருந்து பூசினால் பால் கூடுவதும் வேதியியல்தான். பட்டையைக் காயப்படுத்தாமல் ஒரு நூல் கனத்தில் உளியை இழுக்கிற கை நம்முடையது. ஆனால் அந்த மரத்தை ஆராய்வதற்கென்றே 1925-ல் ஏற்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சியாளராக உட்கார வெட்டுக்காரன் மகனுக்கு என்ன பாடம் வேண்டும் என்று எந்தத் தோட்டத்திலாவது யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

இவ்வளவும் சொன்னதால் எல்லாப் பிள்ளைகளும் நான்கு அறிவியல் பாடத்தையும் எடுத்தாக வேண்டும் என்று நாம் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். நம்மிடையே வேறொரு பைத்தியமும் இருக்கிறது. டாக்டர், வக்கீல், எஞ்சினியர் இந்த மூன்றைத் தவிர உலகத்தில் உத்தியோகமே இல்லை என்று நினைக்கிற பைத்தியம். கணக்கியலில் கெட்டிக்காரியான பெண்ணை உயிரியலில் தள்ளி, அவள் திணறுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிற தாய்மாரும் உண்டு. வரலாற்றையும் பொருளாதாரத்தையும் விரும்பிப் படிக்கிற பிள்ளை ஆறாம் படிவத்துக்குப் போகலாம். அரசாங்கப் பள்ளியில் மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு, தனியார் கல்லூரிக் கட்டணம் இல்லை, எஸ்.டி.பி.எம். சான்றிதழுக்கு வெளிநாட்டிலும் மதிப்புண்டு. ஆறாம் படிவம் கஷ்டம் என்று பயந்து, தனியார் கல்லூரித் தரகன் பேச்சைக் கேட்டுக் கடனில் விழுந்த குடும்பங்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தொழிற்கல்வியையும் குப்பைக்கூடை ஆக்கிவிட்டார்கள். படிப்பு வராதவனை அனுப்புகிற இடம் என்று பேர். கம்பி வேலைக்கும் மின் இயந்திரப் பொறுப்புக்கும் எரிசக்தி ஆணையம் தகுதிச் சான்றிதழ் கொடுக்கிறது. அதைக் கையில் வைத்திருப்பவனைத் தொழிற்சாலை தேடி வருகிறது. மலேசியத் திறன் சான்றிதழ் ஐந்து படி வரை போகிறது. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா வாங்கிப் பட்டப்படிப்புக்குப் போகலாம். இவையெல்லாம் கௌரவமான வழிகள். பையன் தானே விரும்பிப் போனால் மாலை போட்டு அனுப்புவோம். "உனக்கு வேறென்ன வரப்போகிறது?" என்று பிடித்துத் தள்ளினால் எதிர்ப்போம்.

தமிழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான்காம் படிவத்துத் தாள் வந்ததும் முதலில் விழுகிற வெட்டு தமிழுக்குத்தான். தமிழில் ஏ வாங்குவது கடினம், மொத்த முடிவைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். வகுப்பு மாலையில் இருக்கிறது, பஸ் போய்விடும் என்கிறார்கள். ஆசிரியர் இல்லை என்கிறார்கள். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால், நடைமுறைக்கு ஒத்துவரும் பட்சத்தில், தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்கிறது. பதினைந்து பேர்! தொழிற்சங்கக் கிளையில் பதினைந்து பேரைச் சேர்க்கத் தெரிந்த நமக்கு இதைச் செய்யத் தெரியாதா? 2009-ல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகச் சுருக்க அரசாங்கம் முற்பட்டபோது சமுதாயம் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்தது. தமிழும் தமிழ் இலக்கியமும் சேர்த்துப் பன்னிரண்டு வரை எழுதலாம் என்று முடிவு மாறியது. கேட்டதால் கிடைத்தது. அதற்கும் முன்னால், 1950-களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெற வேண்டுமென்று கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். தோட்டத்துப் பாட்டாளிகளும் வெள்ளி கொடுத்தார்கள். 1956-ல் இந்தியவியல் துறை பிறந்தது. அந்த வெள்ளியைக் கொடுத்தவரின் பேரப்பிள்ளை ஒரு பஸ் போய்விடும் என்று தமிழை விடுவதா? ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தமிழ் ஆசிரியராகச் சேர எஸ்.பி.எம். தமிழ் வேண்டும், இன்று விட்டால் அந்த உத்தியோகமும் நாளைக்கு இல்லை.

இப்போது கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ள வேண்டாம். செக்ரோல் எழுதுகிறீர்கள், கம்பெனிச் சுற்றறிக்கையை ஒரு தடவை வாசித்தால் அதன் உள்குத்து உங்களுக்குப் புரிந்துவிடும். உங்கள் வீட்டுப் பிள்ளையின் தாளை மூன்று நாள் வைத்துப் பார்க்கிறீர்கள், பழைய மாணவர்களுக்குப் போன் போட்டு விசாரிக்கிறீர்கள். வெட்டுக்காரர் ஒருவர் அதே தாளோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்று "ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றால், "நாளைக்கு வாப்பா" என்கிறீர்கள். எல்லோரும் அப்படி அல்ல. ஆனால் அப்படிப்பட்டவர்களை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கிறோம். நாளைக்குத் தாளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமே, ஐயா!

பால் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட தோட்டங்கள் இன்று எத்தனையோ. லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் போன குடும்பங்களும் எத்தனையோ. அங்கே போன பிள்ளைகளுக்கும் இந்தத் தாள் வருகிறது. ஆகையால் கிளைகள் தோட்டத்தில் இருப்பவர்களை மட்டும் பார்த்தால் போதாது.

கிளைச் செயலாளர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் வட்டாரத்தில் மூன்றாம் படிவம் படிக்கிற பிள்ளைகளின் பெயரை இப்போதே எழுதுங்கள். பள்ளியில் தாள் கொடுக்கிற மாதத்தை விசாரித்து, அதற்கு முன்னால் இரண்டு மாலை நேரம் கூட்டம் போடுங்கள். ஒரு கிராணி, பல்கலைக்கழகத்திலோ பாலிடெக்னிக்கிலோ படிக்கிற நம் பிள்ளைகள் இரண்டு பேர், வர இசைகிற ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். பிள்ளையையும் கூட்டி வரச் சொல்லுங்கள். பிள்ளை இல்லாமல் பிள்ளையின் பாடத்தைப் பேசுவது நிர்வாகம் நம்மை வைத்துக்கொள்ளாமல் நம் சம்பளத்தைப் பேசுவதற்குச் சமம். "என்ன ஆகப்போகிறாய்?" என்று கேட்காதீர்கள், பதினைந்து வயதுப் பிள்ளை நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும். எந்தப் பாடத்து வீட்டுவேலையை முதலில் எடுக்கிறாய், எந்தப் பாடத்தில் புரியாததை மறுநாளும் போய்க் கேட்கிறாய் என்று கேளுங்கள். பிறகு மூன்று ஆண்டு மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்து, அது ஏறிக்கொண்டு வருகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.

பிள்ளை கேட்கிற தொகுப்பு பள்ளியில் இல்லை என்றாலோ, காரணம் சொல்லாமல் மறுத்தாலோ, தகப்பனார் தனியே போக வேண்டாம். தனியே போகிற வெட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார்கள். ஐந்து பெற்றோர், கூடவே கிளையிலிருந்து ஒருவர், கையில் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டை. இப்படிப் போய் ஆலோசக ஆசிரியரையும் தலைமையாசிரியரையும் மரியாதையாகக் கேளுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள்; கடிதத்தின் நகல் நம் அலுவலகத்துக்கும் வரட்டும். கூடுதல் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் வாரம் இரு மாலை வகுப்பு நடத்த எந்தக் கிளை இடம் கொடுக்க முன்வருகிறதோ, அதன் விவரத்தையும் எழுதி அனுப்புங்கள். இந்தப் பத்திரிகையில் வெளியிடுகிறோம். அதுவரை, தாள் வந்த அன்றே யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.